நாமும் வாய் திறக்கவில்லை

சிவகங்கையிலிருந்து தொண்டி போகும் சாலையில் இருக்கிறது கொல்லங்குடி. அங்குள்ள வெட்டுடையார் காளியம்மன் கோயிலைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: கோர்ட்டில் கிடைக்காத நியாயம் அங்கே கிடைக்கும். கொடுத்த பணம் திரும்பாதவர்கள், பங்காளியிடம் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள், கேட்க நாதியற்றவர்கள் வந்து காசு வெட்டிப் போடுவார்கள். தப்புச் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது நம்பிக்கை.

போன ஆடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத் துணையாக நானும் போனேன். குளித்து, ஈரச் சேலையோடு வந்தாள். ஒரு ரூபாய்க் காசின் மேல் உளியை நிறுத்தி ஓங்கி அடித்தாள். முதல் அடியில் காசு வளைந்தது. இரண்டாவதில் நடுவே கோடு விழுந்தது. மூன்றாவதில் இரண்டு துண்டானது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. கூட வந்திருந்த அவள் மகளுக்குப் பத்து வயது இருக்கும். அம்மாவின் அழுகையைப் பார்க்கப் பிடிக்காமலோ என்னவோ, "இந்தச் சாமிக்கு ஏம்மா வெட்டுடையார்னு பேரு?" என்று கேட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரைக் கேளு" என்றாள்.

முப்பது வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிறந்ததும் வளர்ந்ததும் இந்தச் சீமையில்தான். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னிடம் இல்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். என் ஒருத்தியின் வெட்கமாக மட்டும் அது எனக்குப் படவில்லை. அதனால் இனிமேல் "நாம்" என்றே எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்கு இந்த ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் சொல்லி வந்த கதை இது. காளையார்கோவில் போரில் சிவகங்கை ராஜா விழுந்த பிறகு ராணி வேலு நாச்சியார் இந்த வழியாகத்தான் தப்பிப் போனார். துரத்தி வந்த படை, ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த உடையாள் என்ற பெண்ணைப் பிடித்து, ராணி போன திசை எது என்று கேட்டது. அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அங்கேயே வெட்டிப் போட்டார்கள். எட்டு வருடம் கழித்து நாட்டை மீட்டுத் திரும்பிய ராணி, அவளுக்கு நடுகல் நட்டு, தன் வைரத் தாலியையே அந்தக் கல்லுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பார்கள். தன் பெண்கள் படைக்கும் உடையாள் பெயரையே வைத்தார் என்பார்கள்.

இந்தக் கோயிலுக்கு நாம் எத்தனை முறை போயிருக்கிறோம்! காசு வெட்டியிருக்கிறோம், பொங்கல் வைத்திருக்கிறோம், மொட்டை போட்டிருக்கிறோம். நமக்கான நியாயத்தைக் கேட்ட இடத்தில் அந்தப் பெண்ணுக்கான நியாயத்தை ஒருநாளும் நாம் நினைக்கவில்லை. அவள் யாருக்காக உயிரை விட்டாளோ, அந்த ராணிக்கு நாம் செய்ததும் அதுதான்.

நம் குற்றங்களைச் சொல்வதற்கு முன் அவர் கதையைச் சொல்லிவிட வேண்டும். அதைக்கூட முழுதாகச் சொல்லாமல்தானே இத்தனை காலம் இருந்திருக்கிறோம்.

வேலு நாச்சியார் 1730-இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர். செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதிக்கு ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் அவரை ஆண்பிள்ளைக்கு நிகராக வளர்த்தார்கள். வாள், வளரி, சிலம்பம், குதிரையேற்றம் எல்லாம் பழகினார். பல மொழிகள் அறிந்தவர். சிவகங்கைச் சீமையின் முத்து வடுகநாதப் பெரிய உடையாத் தேவருக்கு வாழ்க்கைப்பட்டார்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி கழுத்து வரை கடனில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் அவர் பட்ட கடன் நம் சீமைகளின் தலையில் கப்பமாக விடிந்தது. கொடுக்க மறுத்த இடங்களுக்குக் கம்பெனியின் படை வந்தது. 1772 ஜூன் தொடக்கத்தில் ராமநாதபுரம் விழுந்தது. ராணி முத்துத்திருவாயி நாச்சியாரையும் அவருடைய சிறு மகனையும் திருச்சிக் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள். அடுத்தது சிவகங்கை. கர்னல் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் கேப்டன் பான்ஜோர் இன்னொரு பக்கமுமாக வந்து, ஜூன் 25 அன்று காளையார்கோவிலை வளைத்தார்கள். முத்து வடுகநாதர் அங்கே கொல்லப்பட்டார். சிவகங்கைக்கு "உசேன் நகர்" என்று பெயரே மாறிப்போனது.

வேலு நாச்சியாருக்கு அப்போது வயது 42. கையில் மகள் வெள்ளச்சி. கூட இருந்தவர்கள் பிரதானி தாண்டவராய பிள்ளையும் பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களும். மேற்கே, திண்டுக்கல்லுக்கு அப்பால் விருப்பாச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். திண்டுக்கல் அப்போது மைசூர் ஐதர் அலியின் கையில் இருந்தது. எட்டு வருடம் கழித்து, 1780-இல், ஐதர் அலி கொடுத்த படையையும் தாம் திரட்டிய படையையும் சேர்த்துக்கொண்டு வந்து சிவகங்கையை மீட்டார். கம்பெனியின் கையிலிருந்து நாட்டைத் திரும்பப் பிடித்து, அதே நாட்டை ஆளவும் செய்தார். 1796 டிசம்பர் 25 அன்று காலமானார்.

இவ்வளவு பெரிய வாழ்க்கையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்?

முதலில், அவருக்கு இரவல் பெயர் வைத்தோம். "தென்னாட்டு ஜான்சி ராணி" என்றோம். நானே எத்தனையோ வகுப்புகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஜான்சி ராணியைத் தெரியும், அவரைக் காட்டி இவரைச் சொன்னால் எளிதில் புரியும் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ராணி லட்சுமிபாய் பிறந்தது 1828-இல். வேலு நாச்சியார் காலமாகி அப்போது 32 வருடம் ஆகிவிட்டது. சிவகங்கை மீண்டதற்கும் 1857 கிளர்ச்சிக்கும் இடையில் 77 வருடம். லட்சுமிபாயின் வீரத்தில் ஒரு குன்றிமணி குறைவில்லை, அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் பின்னால் பிறந்தவரின் பெயரை முன்னால் வாழ்ந்தவருக்கு விளக்கமாக வைத்தது நம் சோம்பல். பாட்டியைப் பேத்தியின் ஜாடை என்று யாராவது சொல்வார்களா? நாம் சொன்னோம். நம் பிள்ளைகள் அதையே பரீட்சையில் எழுதினார்கள். நாமும் சரி என்று மார்க் போட்டோம்.

இரண்டாவதாக, அவருடைய வயதைத் திருடினோம். எந்த ஃபிளெக்ஸ் பேனரை வேண்டுமானாலும் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி குதிரைமேல் வாளை உயர்த்தியபடி இருப்பாள். சிவகங்கைக்குள் அவர் திரும்பி வந்தபோது வயது ஐம்பது. கைம்பெண். வளர்ந்த மகளுக்குத் தாய். எட்டு வருடம் அடுத்தவர் மண்ணில் இருந்து முகமும் உடம்பும் எப்படியெல்லாமோ ஆகியிருக்கும். தாலியறுத்தவளை மூலையில் உட்காரவைத்த ஒரு காலத்தில், ஐம்பது வயதுக் கைம்பெண் ஒரு படைக்கு முன்னால் வந்தார் என்பதல்லவா நாம் நம் பெண்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி? ஐம்பது வயதானதும் "இனி நமக்கென்ன, பிள்ளைகள் பாடு" என்று ஒதுங்கிக்கொள்கிற எத்தனை பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களுக்குத் தெம்பாக இருந்திருக்க வேண்டியவரை நாம் வெறும் அழகுப் படமாக்கிவிட்டோம்.

மூன்றாவது குற்றத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் ஒரு மாணவி. பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், அந்த எட்டு வருசம் ராணி என்ன பண்ணுனாங்க?" "படை திரட்டினார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பீரியட் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது.

அந்த எட்டு வருடம்தான் அவருடைய வாழ்க்கையின் நடுத்தண்டு. ராஜா விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1772 டிசம்பர் 8 தேதியிட்டு தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். கேட்டது ஐயாயிரம் குதிரைப்படை, ஐயாயிரம் காலாட்படை. துக்கம் ஆறுவதற்குள் கணக்கை எழுதியாயிற்று. ஆனால் உதவி உடனே வரவில்லை. ஐதருக்கு அவருடைய போர்கள் இருந்தன. கடிதம் எழுதிய பிரதானியே நாடு மீள்வதைப் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகும் ராணி காத்திருந்தார். மகளை வளர்த்தார். கூட வந்தவர்கள் கலைந்துவிடாமல் பிடித்து வைத்திருந்தார். சிவகங்கையில் இருந்தவர்களோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டார். ஐதருக்கும் கம்பெனிக்கும் மறுபடி போர் மூண்டது 1780-இல். அந்த நேரம் வந்தபோது புறப்படத் தயாராக இருந்தார். வாளைத் தூக்கியது சில நாள். பொறுமையைத் தூக்கிச் சுமந்தது எட்டு வருடம். நாம் வாளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

விருப்பாச்சி என்று சொன்னால் நமக்கு நினைவுக்கு வருவது பழம். மதுரை மார்க்கெட்டில் நின்று, "விருப்பாச்சி இருக்கா?" என்று எத்தனை தடவை கேட்டு வாங்கியிருக்கிறோம். சின்னதாக, தோலில் கரும்புள்ளி விழுந்து, உரித்தால் மணக்கிற மலைவாழை. அந்தப் பழத்தின் ஊர்தான் நம் ராணிக்கு எட்டு வருடம் சோறு போட்டது என்று பழத்தை உரித்துக் கொடுக்கும்போது ஒரு பிள்ளையிடமாவது சொல்லியிருக்கிறோமா? அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரும் கடைசியில் கம்பெனியை எதிர்த்தே நின்றார். 1801-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். விருந்தாளிக்கு இலை போட்ட குற்றத்துக்கே பகை சம்பாதித்த மனிதரை, அவர் ஊர்க்காரர்கள் தவிர எத்தனை பேர் நினைக்கிறோம்?

நான்காவது குற்றத்தை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதாவிட்டால் இது சுயவிமர்சனம் ஆகாது. நாம் அவரைச் சாதிக்குள் அடைத்தோம். அவர் பிறந்தநாளான ஜனவரி 3 வந்தால் யார் மாலை போடுவது, யார் பேனர் பெரிது என்பதில் நம் பிள்ளைகள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தரப்பு "எங்கள் ராணி" என்கிறது. மறுதரப்பு "அப்படியானால் எங்களுக்கு என்ன" என்று விலகிப் போகிறது. அவரைச் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைமார் பிரதானி கடிதம் எழுதினார். மருது சகோதரர்கள் அரணாக நின்றார்கள். தெலுங்கு பேசும் ஒரு நாயக்கர் வீடு கொடுத்தார். ஒரு முஸ்லிம் மன்னர் படை கொடுத்தார். ஆடு மேய்த்த பெண் உயிரைக் கொடுத்தாள். இதில் யாரைக் கழித்துவிட்டு அந்த வெற்றியை எழுத முடியும்? அவர் வாழ்நாள் முழுக்க கட்டிய கூட்டை நாம் கயிறு கயிறாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனோம். கம்பெனி செய்ததும் அதுதானே? ஒரு பாளையத்தை இன்னொன்றோடு மோதவிட்டுத்தான் நாட்டைப் பிடித்தார்கள்.

ஐந்தாவது, கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டது. என் அப்பத்தா களையெடுக்கும்போதும் கும்மியடிக்கும்போதும் பாடுகிற பாட்டுகளில் மருது வருவார், காளையார்கோயில் காடு வரும், "நாச்சியா" என்று ஒருத்தி வருவாள். எனக்கு அப்போது அது கிழவி பாட்டு. நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அவர் உயிரோடு இருந்தார். லீவுக்கு வந்து அவர் பக்கத்தில்தான் பாயைப் போட்டுப் படுத்தேன். ஒரு நோட்டை எடுத்து, "அப்பத்தா, அந்தப் பாட்டைச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்று கேட்கத் தோன்றவில்லை. வரலாறு என்றால் அச்சிட்ட புத்தகத்தில் இருப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது என்னிடம் அந்த மெட்டு கொஞ்சம் இருக்கிறது. சொற்கள் போய்விட்டன. இப்படி எத்தனை அப்பத்தாக்கள் போனார்கள்! சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் அச்சேறிவிட்டதால் தப்பின. வயல்வரப்பில் இருந்தவை தப்பவில்லை.

ராணியின் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலிக்கும் இதே கதிதான். தன் உடம்பில் நெருப்பை வைத்துக்கொண்டு ஆயுதக்கிடங்கில் குதித்தாள் என்று வாய்மொழியில் வாழ்கிறவள் அவள். அந்த வாய்மொழியை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, யார் சொன்னது, எப்போதிருந்து சொல்கிறார்கள் என்று அக்கறையாகத் தேடியிருக்க வேண்டும். நாம் அதைச் செய்யாமல், "உலகின் முதல் தற்கொலைப் படை" என்று இந்தக் காலத்துப் பட்டம் ஒன்றை அவள் தலையில் ஒட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று நகர்ந்துவிட்டோம். பெரிய பட்டம் கொடுத்தால் பெரிய மரியாதை செய்ததாக எண்ணிக்கொண்டோம். தேடிப் பார்ப்பதுதான் மரியாதை என்பது நமக்கு உறைக்கவில்லை.

ஆறாவது, ஒரு பெண்ணைத் தூக்கிப்பிடித்து மற்ற பெண்களை மறந்தது. திருச்சிக் கோட்டையில் மகனோடு அடைபட்டுக் கிடந்த முத்துத்திருவாயி நாச்சியாரின் பெயரை எந்தப் பிள்ளையிடமாவது கேட்டுப் பாருங்கள். காளையார்கோவிலில் ராஜாவோடு சேர்ந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் இளையராணி கௌரி நாச்சியாரைக் கேட்டுப் பாருங்கள். குழந்தையாக ஓடி, விருப்பாச்சியில் வளர்ந்து, சிவகங்கைக்குத் திரும்பிய வெள்ளச்சியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாதத்தில் இரண்டு அரண்மனைப் பெண்களின் வாழ்க்கை புரண்டது. ஒருவர் சிறைக்குப் போனார், ஒருவர் காட்டுக்குப் போனார். சிறைக்குப் போனவர் தோற்றவர் என்று நாம் கணக்கை மூடிவிட்டோம்.

சினிமாவைச் சொல்லாமல் விட முடியாது. நம்மில் பாதிப்பேர் வரலாறு படித்தது கொட்டகையில்தான். 1959-இல் ஒரே வருடத்தில் "வீரபாண்டிய கட்டபொம்மன்" வந்தது, கண்ணதாசன் எடுத்த "சிவகங்கைச் சீமை"யும் வந்தது. கட்டபொம்மனும் மருதுவும் வீட்டுப் பெயர்களானார்கள். அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் கட்டபொம்மன் தூக்குமேடை ஏறிய 1799-க்கு 19 வருடம் முன்பே கம்பெனியிடமிருந்து நாட்டை மீட்ட பெண்ணுக்கு அப்படியொரு படம் வேண்டும் என்று நாம் யாரும் கேட்கவில்லை. ரசிகர்களாகிய நாம் கேட்காததைச் சினிமாக்காரர்கள் எப்படிக் கொடுப்பார்கள்?

நாட்டின் கணக்கும் நம் கணக்குத்தான். வேலு நாச்சியாருக்கு அஞ்சல்தலை வந்தது 2008-இல். அவர் காலமாகி 212 வருடம் கழித்து. சிவகங்கையில் நினைவு மண்டபம் திறந்தது 2014-இல். இன்று பத்தாம் வகுப்புப் பாடநூலில் அவருக்குத் தனித் தலைப்பே இருக்கிறது. இவற்றைச் செய்தவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் மண்டபம் வந்ததும் நாம் இன்னும் கொஞ்சம் சௌகரியமாகிவிட்டோம். ராணியை அங்கே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறோம், வருகிறோம். உள்ளே போய் ஒரு மணி நேரம் நின்ற நாள் எத்தனை?

அவருக்கும் வெற்றி பெற்ற மறுநாள் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் படையோடு வந்து சிவகங்கையில் கப்பம் கேட்டு நின்றான். அதன் பிறகும் நெருக்கடி ஓயவில்லை. சின்ன மருதுவைப் பிரதானியாகவும் பெரிய மருதுவைத் தளபதியாகவும் வைத்துக்கொண்டு, பாழான சீமையை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. ஜெயிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். ஜே போடுவதோடு நம் வேலை முடிந்தது என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

இதற்கெல்லாம் பரிகாரம் என்ன? இன்னொரு சிலை என்று சொல்லமாட்டேன். சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல் மாவட்ட ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் மாணவர்களை அவர்கள் வீட்டுக் கிழவிகளிடம் ஒரு நோட்டோடு அனுப்புங்கள். போனில் பதிவு செய்யத்தான் எல்லாருக்கும் தெரியுமே. பாட்டு, கதை, ஊர்ப்பெயர், நடுகல் எதுவானாலும் சரி. கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். கதையைக் கதையென்றும் ஆவணத்தை ஆவணமென்றும் பிரித்து வைக்கப் பழகட்டும். இரண்டும் வேண்டும். எது எது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். பெற்றோருக்கு: காளையார்கோவிலுக்குக் கூட்டிப் போனால் கோபுரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். 1772 ஜூன் 25 அன்று அங்கே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்று கொல்லங்குடியில் எனக்குத் தெரிந்த இரண்டு வாக்கியத்தைத்தான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் விடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அவளை வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சும் ஏன் டீச்சர் அவ சொல்லல?" என்றாள். "சொல்லியிருந்தா ராணியைப் பிடிச்சிருப்பாங்க" என்றேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நமக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டாள்.

உடையாள் வாய் திறக்காததால் ராணி பிழைத்தார். நாம் வாய் திறக்காததால் ராணி மறைந்தார். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "தப்புத்தான் ஆத்தா, நான் சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சிவகங்கை வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. விருப்பாச்சியிலிருந்து தொடங்கினேன்.